விளக்கே போடாத இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வேதிவினை மாறுமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். "இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு கரைசலை வைத்தால், விளக்கு எதுவும் போடாமல் இருட்டிலேயே அதில் நடக்கிற வேதிவினையின் வேகம் மாறிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நிஜமா, கதையா? வெளிச்சமே இல்லாத இடத்தில் ஒளி எங்கிருந்து வந்து மூலக்கூறைத் தொடுகிறது? எங்கள் காலேஜ் லேபில் செய்து பார்க்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வியாசர்பாடியில் இருந்துகொண்டு இரண்டாம் ஆண்டு வேதியியல் படிப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். இதில் ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. கண்ணாடிகளுக்கு நடுவில் ஒளியும் மூலக்கூறின் அதிர்வும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறதா என்பது ஒன்று. அப்படிப் பின்னிக்கொண்டால் வேதியியல் மாறுகிறதா என்பது இன்னொன்று. முதலாவதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அளந்து பார்த்த விஷயம். இரண்டாவது பத்து வருஷமாக நடக்கிற விவாதம், இன்னும் முடியவில்லை. வீடியோ எடுத்தவர் இரண்டையும் ஒன்றாகக் கலக்கிவிட்டார் என்று நினைக்கிறேன், அதனால்தான் உங்களுக்கு நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்று அப்போதுதான் தெரியும். முனைவர் பட்டத்துக்கு மெல்லிய பாலிமர் படலங்களை அகச்சிவப்பில் அளந்தேன். அதன்பின் பதினேழு வருஷமாக மணலிப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் எஃப்.டி.ஐ.ஆர் கருவிதான் (அகச்சிவப்பு நிறமாலையை அளக்கிற கருவி) என் பிழைப்பு. அதனால் நிறமாலையைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். இந்தத் துறையின் கணிதக் கோட்பாட்டை நான் படித்துப் புரிந்துகொண்டவன்தான், உருவாக்கியவன் இல்லை. வேகம் மாறுகிறது என்று சொன்ன பரிசோதனைகளை நான் என் கையால் செய்ததும் இல்லை.

சரி, அடியிலிருந்து வருவோம். மூலக்கூறில் இரண்டு அணுக்களுக்கு நடுவில் இருக்கிற பிணைப்பு ஒரு சுருள்வில் மாதிரி, தனக்கென்று ஒரு வேகத்தில் நீண்டு சுருங்கிக்கொண்டே இருக்கும். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கிற கார்பனைல் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டர்களில் அது 1,740 அலை எண்ணுக்குப் பக்கத்தில் அதிரும், அதாவது ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் 1,740 அலைகள் அடங்குகிற அகச்சிவப்பு ஒளியோடு அது ஒத்துப்போகும். விநாடிக் கணக்கில் சொன்னால் சுமார் 52 லட்சம் கோடி அதிர்வுகள். அந்த ஒளியின் அலைநீளம் 5.75 மைக்ரோமீட்டர். இதே அதிர்வுகளை வேறொரு வழியில், ஒளிச்சிதறலில் பார்த்ததுதான் 1928இல் ராமன் கண்டுபிடித்தது. அவர் நம் பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர், கடற்கரைச் சாலைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

அடுத்தது கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்புகிற வகை. அப்படி இரண்டுக்கு நடுவில் ஒளி தங்குகிற இடைவெளிக்குக் கேவிட்டி என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அதன் எளிய வடிவத்தை எஃப்.டி.ஐ.ஆர் தொட்டவர்கள் எல்லாரும் தெரியாமலேயே பார்த்திருப்பார்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் திரவத்தை வைத்து அளக்கிற திரவ செல்லைக் காலியாக வைத்து ஒரு ஸ்கேன் எடுங்கள். அடிக்கோடு நேராக வராது, அலை அலையாக ஏறி இறங்கும். இரண்டு தட்டுகளின் உட்பக்கங்களிலும் கொஞ்சம் ஒளி பட்டுத் திரும்பி, போகிற ஒளியோடு குறுக்கிடுவதால் வருகிற வரிகள் அவை. 2,000 அலை எண்ணுக்கும் 1,000க்கும் நடுவில் பத்து முழு வரிகள் இருந்தால் செல்லின் இடைவெளி 50 மைக்ரோமீட்டர். பத்தை இரண்டாயிரத்தால் வகுத்தால் சென்டிமீட்டரில் விடை வந்துவிடும், இன்றும் நாங்கள் செல் தடிமனை இப்படித்தான் சரிபார்க்கிறோம். இப்போது அந்தத் தட்டுகளின் உட்பக்கம் 10 நானோமீட்டர் தங்கம் பூசுங்கள். ஒளி இன்னும் பல தடவை உள்ளேயே போய் வரும், மங்கலாக இருந்த வரிகள் கூர்மையான சிகரங்களாக நிற்கும். எந்த அலைக்கு இடைவெளி சரியாகப் பொருந்துகிறதோ அந்த அலை மட்டும் உள்ளே தங்கும். 1,740க்குப் பொருந்த வேண்டுமென்றால், நடுவில் ஒளிவிலகல் எண் 1.41 அளவில் உள்ள பாலிமர் இருப்பதாக வைத்துக்கொண்டால், தடிமன் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர் வேண்டும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயம். வீட்டு ஜன்னல் கண்ணாடி இந்த வேலைக்கு ஆகாது, அது 1,740 அலை எண் ஒளியை விடாது. பொட்டாசியம் புரோமைடு உப்புத் தட்டு விடும், ஆனால் எண்ணூர்க் காற்றில் அதை மேசைமேல் மறந்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தால் மேற்பரப்பு பால் பூத்த மாதிரி வெளுத்திருக்கும். அதனால் பேரியம் ஃபுளூரைடு, துத்தநாக செலினைடு மாதிரித் தட்டுகளைத்தான் பயன்படுத்துவார்கள்.

இனி அந்தப் பொருத்தத்தைப் பார்ப்போம். இன்று சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய் ஒரு வேலை செய்யுங்கள். துணி காயப்போடும் கொடிக்கயிறு கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும். அதில் ஒரே நீள நூலில் இரண்டு தண்ணீர் பாட்டில்களை ஒரு முழம் தள்ளித் தள்ளிக் கட்டித் தொங்கவிடுங்கள், தண்ணீர் அளவும் ஒன்றாக இருக்கட்டும். கயிற்றுக்குக் குறுக்கே ஒன்றை மட்டும் இழுத்து விடுங்கள். அது ஆடும், கொஞ்ச நேரத்தில் அது அடங்கிக்கொண்டே வர, தொடாத பாட்டில் ஆட ஆரம்பிக்கும். பிறகு ஆட்டம் பழைய பாட்டிலுக்கே திரும்பி வரும். அப்புறம் இன்னொன்று: இரண்டையும் ஒரே பக்கமாக இழுத்து விட்டால் ஒரு வேகத்தில் ஆடும், எதிரெதிராக இழுத்து விட்டால் கொஞ்சம் வேறு வேகத்தில் ஆடும், இந்த இரண்டு விதத்திலும் ஆட்டம் கைமாறாது. ஒரே வேகம் இருந்த இடத்தில் இரண்டு வேகம் வந்துவிட்டது, இப்போது "இது இந்தப் பாட்டிலின் ஆட்டம், அது அந்தப் பாட்டிலின் ஆட்டம்" என்று பிரித்துச் சொல்ல முடியாது. நூல் நீளத்தை மாற்றி இரண்டுக்கும் வேகம் ஒத்துப்போகாமல் செய்துவிட்டால் கைமாற்றம் பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு பாட்டிலுக்குப் பதில் கேவிட்டியில் தங்கிய ஒளி, இன்னொன்றுக்குப் பதில் கார்பனைலின் அதிர்வு. இரண்டும் கலந்து உண்டாகிற புதிய ஆட்டங்களுக்குப் போலாரிட்டான் என்று பெயர், வேகம் கூடியது மேல் போலாரிட்டான், குறைந்தது கீழ் போலாரிட்டான். கைமாற்றம் நடந்து முடிவதற்குள் கண்ணாடி வழியாக ஒளி கசிந்துவிடவோ அதிர்வு சிதறிவிடவோ கூடாது, அது மட்டும்தான் நிபந்தனை. அது நிறைவேறினால் வலுவான பிணைப்பு என்கிறோம், இது ஒளிக்கும் அதிர்வுக்கும் நடுவில் உள்ள பிணைப்பு, அணுக்களுக்கு நடுவில் உள்ள வேதிப்பிணைப்பு இல்லை.

இதை அகச்சிவப்பில் 2015இல் தெளிவாகக் காட்டினார்கள், பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் தாமஸ் எப்பெசன் குழு. எடுத்துக்கொண்ட பொருள் பாலிவினைல் அசிட்டேட், தச்சுப் பட்டறையில் ஃபெவிக்கால் மாதிரி வெள்ளைப் பசைகளுக்கு உயிராக இருக்கிற அதே பாலிமர். இரண்டு தங்கப் பூச்சுகளுக்கு நடுவில் அதன் படலத்தை வைத்து ஒளியைச் செலுத்தினால், 1,740இல் ஒரு சிகரம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமும், அதன் இரு பக்கமும் 1,660 அருகே ஒன்று, 1,820 அருகே ஒன்று என்று இரண்டு சிகரங்களும் வந்தன. அந்த இரண்டு சிகரங்களுக்கும் நடுவில் உள்ள பிளவு சுமார் 167 அலை எண். கணக்குப் போட்டால், ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு இருக்கிறதே, அதிலும் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் ஆற்றல் ஒளிக்குப் போய்த் திரும்பி வந்துவிடுகிறது. கார்பனைல் சுமார் பத்துத் தடவை அதிர்வதற்குள் ஒரு சுற்று முடிகிறது. அதே சமயத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் கார்பனைலை வைத்தும் இதையே பார்த்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வகங்களில், திரவங்களிலும் கூட, இந்தப் பிளவு பார்க்கப்பட்டுவிட்டது. மூலக்கூறுகளின் செறிவு கூடினால் பிளவு செறிவின் வர்க்கமூலமாகக் கூடும் என்பதும் அளந்து சரிபார்த்த உண்மை.

ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு, இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி தவறவிடுவது. இந்தப் பிளவை விளக்க குவாண்டம் இயற்பியல் தேவையே இல்லை. படலத்தின் ஒளிவிலகல் எண்ணையும் உறிஞ்சலையும் வைத்துக்கொண்டு, கண்ணாடிகளில் ஒளி எப்படிப் பட்டுத் திரும்பும் என்று பழைய ஒளியியல் கணக்கைப் போட்டாலே இரண்டு சிகரங்களும் அச்சாக வந்துவிடும். நான் அலுவலகக் கணினியில் ஒரு மதியத்தில் போட்டுப் பார்த்தேன், வந்தது. அதனால் "நிறமாலை இரண்டாகப் பிளந்துவிட்டது, ஆகவே மூலக்கூறே மாறிவிட்டது" என்று யாராவது தாவினால் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். பிளவு வந்தால் ஒளியும் அதிர்வும் கூட்டாக ஆடுகின்றன என்று அர்த்தம். ஒரு தனி மூலக்கூறு தன் வேலையை வேறு மாதிரிச் செய்கிறதா என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது.

இருட்டில் ஒளி எங்கிருந்து வருகிறது என்ற உங்கள் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. இதற்கு இரண்டு பதில் இருக்கிறது, இரண்டும் உண்மை. ஒன்று, அகச்சிவப்புக் கண்ணால் பார்த்தால் நம் அறை எப்போதுமே இருட்டு இல்லை. 32 டிகிரியில் இருக்கிற சுவர், மேசை, உங்கள் உடம்பு எல்லாமே ஒளிவிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, அதன் உச்சம் 9.5 மைக்ரோமீட்டர் பக்கம் விழும். விளக்கை அணைத்தால் கண்ணுக்குத் தெரிகிற ஒளிதான் அணையும். இரண்டு, எல்லா வெப்பத்தையும் எடுத்துவிட்டாலும் மின்காந்தப் புலம் முழுக்க அடங்குவதில்லை. கார்பனைல் எவ்வளவு குளிர்ந்தாலும் தன் அதிர்வு ஆற்றலில் பாதி அளவு, அதாவது 870 அலை எண் அளவு, எப்போதும் வைத்துக்கொண்டே இருக்கும் என்று படித்திருப்பீர்கள். கேவிட்டியில் தங்குகிற ஒளிக்கும் அதே விதிதான். ஒரு ஃபோட்டான்கூட இல்லாதபோதும் அந்தப் புலத்தின் மினுமினுப்பு அங்கே இருக்கிறது, பிணைப்பு அதோடும் நடக்கும். பாட்டில் உவமையில் சொன்னால், யாரும் ஆட்டிவிடாமல் இருந்தாலும் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பது உண்மைதானே, அது மாதிரி. ஆகவே இருட்டில் பிணைப்பு உண்டு. அதை மந்திரம் என்று தள்ள வேண்டியதில்லை.

இனிமேல்தான் சந்தேகமான பகுதி. 2016இல் எப்பெசன் குழு ஒரு சிலிக்கன் சேர்மத்தை எடுத்தது, அசிட்டிலீன் பிணைப்பில் ஒரு ட்ரைமெத்தில்சிலைல் தொகுதி தொங்குகிற மூலக்கூறு. மெத்தனாலில் ஃபுளூரைடு சேர்த்தால் சிலிக்கனுக்கும் கார்பனுக்கும் நடுவில் உள்ள பிணைப்பு அறுந்துவிடும், சாதாரணமாக நடக்கிற வினை. சில மைக்ரோமீட்டர் இடைவெளி உள்ள செல்லில், 860 அருகே வருகிற அந்தப் பிணைப்பின் அதிர்வுக்குக் கேவிட்டியைப் பொருத்தியபோது, வினையின் வேகம் ஐந்து மடங்குக்கும் மேல் குறைந்தது என்றார்கள். பொருத்தத்தைக் கலைத்தால் பழைய வேகம். 2019இல் இன்னும் ஒரு படி போய், ஒரே மூலக்கூறில் சிலிக்கன்–கார்பன் பிணைப்பும் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பும் இருந்தால், எது முதலில் அறும் என்பதைக் கேவிட்டி மாற்றுகிறது என்று எழுதினார்கள். நினைத்துப் பாருங்கள், வினையூக்கி இல்லை, வெப்பம் இல்லை, விளக்கு இல்லை, இடைவெளியை மட்டும் திருகி எந்தப் பொருள் கிடைக்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம்! முதன்முதலாகப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கணக்குப் போட்டேன், அங்கேதான் சிக்கல். பிளவு 100 அலை எண் என்று வைத்துக்கொள்வோம். நிலைகள் நகர்வது மேலே 50, கீழே 50. அறை வெப்பநிலையின் ஆற்றல் சுமார் 210 அலை எண். வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை முழுதாக 50 கூடியது என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், வேகம் 1.3 மடங்குகூடக் குறையாது. ஐந்து மடங்கு குறைய வேண்டுமென்றால் தடை 340 அலை எண் அளவு கூட வேண்டும். அந்த மீதி எங்கிருந்து வருகிறது?

அதைவிடப் பெரிய சிக்கல் எண்ணிக்கை. திருவொற்றியூர்த் தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடத்தை நூறு பேர் பிடித்திருந்தாலும், எல்லாரும் ஒரே மூச்சில் ஒரே பக்கம் இழுக்கிற அந்த ஒரு விதத்தில்தான் தேர் நகரும். பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் இழுக்கிற விதங்கள் எத்தனையோ உண்டு, அதிலெல்லாம் வடம் முறுக்கேறும், தேர் அசையாது. கேவிட்டியில் ஒரு ஒளி அலையோடு சேர்ந்து நிற்பது கோடிக்கணக்கான மூலக்கூறுகள். அவை எல்லாம் ஒன்றுசேர்ந்து ஆடுகிற ஒரே ஒரு விதம்தான் ஒளியோடு கலந்து இரண்டு போலாரிட்டான்களாகிறது. மற்ற அத்தனை விதங்களும் ஒளிக்குத் தெரியவே தெரியாது, அவற்றை இருண்ட நிலைகள் என்று சொல்வார்கள், அவை பழைய 1,740இலேயே உட்கார்ந்திருக்கின்றன. மூலக்கூறுகள் ஆயிரம் கோடி என்றால் போலாரிட்டான் இரண்டு, இருண்ட நிலைகள் ஆயிரம் கோடிக்கு ஒன்று குறைவு. தனி மூலக்கூறு ஒன்றுக்குக் கிடைக்கிற பிணைப்பு எவ்வளவு? நூறு அலை எண் பிளவில், ஆயிரம் கோடியின் வர்க்கமூலமான ஒரு லட்சத்தால் வகுத்து, அதிலும் பாதி: 0.0005 அலை எண். வேதிவினையோ ஒவ்வொரு மூலக்கூறாகத்தான் நடக்கும். தேர் நகர்வது நூறு பேரால், ஆனால் ஒருவருக்குக் கால் இடறுவது அவரவர் பாடு. 2020 வாக்கில் பல கோட்பாட்டுக் குழுக்கள் வழக்கமான வினைவேகக் கோட்பாட்டைக் கேவிட்டிக்குள் போட்டுப் பார்த்து, கூட்டுப் பிணைப்பு மட்டும் இருந்தால் இருட்டில் வேகம் மாறக் காரணம் இல்லை என்றுதான் முடிவுக்கு வந்தன. பிற்பாடு, ஆற்றல் மூலக்கூறுக்குள் எப்படிப் பரவுகிறது, சூழலோடு எப்படி உரசுகிறது என்பதைச் சேர்த்த மாதிரிகள் சில, பொருத்தத்தில் ஒரு விளைவு வரலாம் என்று காட்டின. எனக்குத் தெரிந்து, பார்த்ததாகச் சொன்ன அளவையும் கூர்மையையும் மூலக்கூறு எண்ணிக்கை இவ்வளவு இருக்கும்போது அப்படியே தருகிற, எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்னும் இல்லை.

கோட்பாடு இல்லை என்பதால் பரிசோதனை பொய் ஆகிவிடாது. அதனால் பரிசோதனைப் பக்கம் பார்க்க வேண்டும். 2021இல் அமெரிக்காவில் இரண்டு தனித்தனிக் குழுக்கள், முன்பு மற்றவர்கள் வேகம் கூடியதாகச் சொன்ன இரண்டு வினைகளைத் திரும்பச் செய்தன. சயனேட் அயனி நீரோடு வினைபுரிவது ஒன்று, ஒரு நைட்ரோஃபீனைல் எஸ்டர் உடைவது இன்னொன்று. இரண்டிலும் சொன்ன வேக ஏற்றம் கிடைக்கவில்லை, அதை வெளிப்படையாகவே எழுதினார்கள். இது யாரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை. இவ்வளவு மெல்லிய செல்லில் வேகத்தை அளப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆய்வு மாணவனாக இருந்த முதல் வருஷம் 20 மைக்ரோமீட்டர் படலம் ஒன்றில் புதிதாக ஒரு சிகரம் வருகிறது என்று மூன்று வாரம் அதன் பின்னாலேயே அலைந்தேன். படலத்தை வேறு தடிமனில் வார்த்ததும் அது இடம் மாறியது. பிணைப்பும் இல்லை, சேர்மமும் இல்லை, வெறும் குறுக்கீட்டு வரி. தங்கம் பூசிய கேவிட்டியில் இந்த வரிகள்தான் ராஜா. அதற்குள் எவ்வளவு பொருள் மீதி இருக்கிறது என்பதை உறிஞ்சலை வைத்து வழக்கம்போலக் கணக்கிட்டால் தப்பாகும். 2016 பரிசோதனையில் வினையின் போக்கைக் கண்காணித்ததே, உள்ளே ஒளிவிலகல் எண் மாற மாறக் கேவிட்டியின் சிகரங்கள் நகர்வதை வைத்துத்தான். புத்திசாலித்தனமான வழி, ஆனால் மறைமுகமான வழி.

அப்புறம் வெப்பநிலை. மோலுக்கு 60 கிலோஜூல் தடை உள்ள ஒரு வினை, 4 டிகிரி கூடினால் ஏறக்குறைய 1.4 மடங்கு வேகமாகும். மே மாதம் கரண்ட் போய் ஏ.சி நின்றால் எங்கள் கருவி அறையில் அந்த 4 டிகிரி அரை மணி நேரத்தில் ஏறிவிடும். இத்தனை மெல்லிய செல்லில் திருகை இறுக்குவதிலேயே தடிமன் மாறும், தங்கத்தின் மேற்பரப்பே வினையில் தலையிடலாம், இரண்டு திரவங்கள் முழுதாகக் கலக்காமலேயே உள்ளே போகலாம். இதையெல்லாம் மீறி நிற்கிற ஒரே சான்று பொருத்தச் சோதனைதான். ஒரே செல், ஒரே தங்கம், ஒரே கரைசல், இடைவெளியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, வேகம் பொருத்தத்தில் மட்டும் விலகி, இரண்டு பக்கமும் பழைய இடத்துக்கே திரும்புகிறது என்று நிறையப் புள்ளிகளில் காட்ட வேண்டும். எப்பெசன் குழு அதைக் காட்டியதாகத்தான் சொல்கிறது, அதனால்தான் நான் அதை ஒதுக்கிவிடவில்லை. 2023இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தினர் சிலி நாட்டுக் கோட்பாட்டாளர்களோடு சேர்ந்து, ஃபீனைல் ஐசோசயனேட்டும் சைக்ளோஹெக்சனாலும் சேர்ந்து யூரித்தேன் உண்டாகிற வினையை எடுத்து, கேவிட்டி பொருந்தும்போது வேகம் குறைகிறது என்று வெளியிட்டார்கள். இது வேறு ஆய்வகம், வேறு வினை, எனக்கு அதனாலேயே முக்கியமாகப் படுகிறது. பாலியூரித்தேன் நுரைக்கு வேண்டிய பாலியால் தயாராகிற மணலிப் பக்கத்தில் ஐசோசயனேட்டின் 2,270 சிகரம் எங்களுக்கு அக்கம்பக்கத்து முகம் மாதிரி, அது எவ்வளவு தெளிவாகத் தனியாக நிற்கும், குறைவதை எவ்வளவு நம்பிப் பின்தொடரலாம் என்று அனுபவத்தில் சொல்ல முடியும். ஆகவே என் நிலை இது: விளைவு இருக்கலாம் என்பதன் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் முன்பு சொன்ன பெரிய பெரிய மடங்குகள் நிற்கும் என்று நினைக்கவில்லை. அடுத்த ஆய்வுக் கட்டுரை என்னை எந்தப் பக்கமும் நகர்த்தலாம்.

இன்னொரு புதிர் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. கேவிட்டியைச் சாய்த்தால் அதற்குப் பொருந்துகிற அலை எண் ஏறும். நேராகப் பார்க்கும்போது 1,740 என்றால், 30 டிகிரி சாய்த்தால் அந்த 1.41 ஒளிவிலகல் எண்ணுக்கு 1,860 வரை போகும். அதாவது உள்ளே எல்லாக் கோணத்து ஒளியும் எப்போதும் இருக்கிறது. நேராகப் பொருந்தாமல் கொஞ்சம் கீழே இருக்கிற கேவிட்டியில்கூட, ஏதோ ஒரு சாய்வில் பொருத்தம் இருக்கத்தான் செய்யும், பிணைப்பும் இருக்கத்தான் செய்யும். அப்படியானால் வேகம் ஏன் நேர்ப் பொருத்தத்தில் மட்டும் மாற வேண்டும்? கரைசலுக்குள் முட்டி மோதுகிற மூலக்கூறுக்கு எது நேர், எது சாய்வு? இதற்குப் பதில் சொல்கிறவர்தான் இந்தத் துறையைத் திறக்கப்போகிறவர் என்று நினைக்கிறேன்.

ஒளியைச் செலுத்திச் செய்கிற பரிசோதனைகள் வேறு கணக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன், வீடியோக்களில் இரண்டையும் குழப்புவார்கள். 2020இல் சான் டியாகோவில் வெய் ஷியோங் குழு, டங்ஸ்டன் கார்பனைல் மூலக்கூறுகளை, சாதாரணக் கார்பன் உள்ளவை கொஞ்சம், கனமான கார்பன் உள்ளவை கொஞ்சம் என்று ஒரே கேவிட்டியில் வைத்து, மிகக் குறுகிய லேசர் துடிப்புகளால் ஒன்றை அதிரவைத்து ஆற்றல் மற்றதற்குத் தாவுவதைப் பார்த்தது. கேவிட்டிக்கு வெளியே அந்தத் தாவல் அவ்வளவாக நடக்காது. இதில் போலாரிட்டானுக்கு நாமே ஆற்றலைக் கொடுக்கிறோம், அதனால் விளைவு தெரிவது ஆச்சரியம் இல்லை, எனக்கு இதில் பெரிய சந்தேகமும் இல்லை. நம் நாட்டிலும் மொகாலி ஐசரில் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) ஜினோ ஜார்ஜ் இந்தத் துறையில் வேலை செய்கிறார், ஸ்ட்ராஸ்பூர்க்கில் அந்த ஆரம்பப் பரிசோதனைகளில் இருந்தவர். மேற்படிப்புக்கு யோசிக்கிறீர்கள் என்றால் அந்தப் பக்கமும் ஒரு கண் வையுங்கள்.

கடைசியாக, உங்கள் லேபில் முடியுமா. பிளவைப் பார்க்க முடியும், வேகம் மாறுவதைப் பார்க்க முயல வேண்டாம். ஐசோசயனேட்டையும் அந்த வினைகளுக்குச் சேர்க்கிற ஃபுளூரைடு உப்புகளையும் தொடவே தொடாதீர்கள், உங்கள் ஆசிரியர் பக்கத்தில் இருந்தாலும் அவை கல்லூரி மேசைக்கான பொருட்கள் இல்லை. பிளவுக்கு வேண்டியது இரண்டு பேரியம் ஃபுளூரைடு தட்டு, தங்கம் பூச ஒரு ஸ்பட்டர் கோட்டர் (எலக்ட்ரான் நுண்ணோக்கி வைத்திருக்கிற எந்தத் துறையிலும் இருக்கும், கேட்டால் பூசித் தருவார்கள்), ஸ்பின் கோட்டர் (தட்டைச் சுழற்றி மெல்லிய படலம் வார்க்கிற கருவி), டொலுயீனில் கரைத்த பாலிவினைல் அசிட்டேட், ஒரு எஃப்.டி.ஐ.ஆர். பசை டப்பாவிலிருந்து நேராக எடுக்காதீர்கள், அதில் வேறு சேர்மானங்கள் இருக்கும், தூள் பாலிமராக வாங்குங்கள். ஒரு தட்டில் தங்கத்தின்மேல் படலம் வார்த்து, நன்றாகக் காயவைத்து, மேலே இன்னொரு தங்கப் பூச்சைப் பூசிவிட்டால் இரண்டாவது தட்டுகூட வேண்டாம், அது பூச்சே பூசாத ஒப்பீட்டுத் தட்டாக இருக்கட்டும். தடிமன்தான் உயிர்: 2 மைக்ரோமீட்டரில் 0.1 பிசகினாலும் பொருத்தம் 85 அலை எண் வரை தள்ளிப்போகும், அதனால் ஸ்பின் வேகத்தை மாற்றி மாற்றி ஆறேழு படலமாவது வாருங்கள். ஏதோ ஒன்றில் 1,740இன் இரு பக்கமும் சமமான இரண்டு சிகரங்கள் தெரியும். தெரிந்ததும் அந்தச் சாம்பிளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, பத்து டிகிரிக்கு ஒரு ஸ்கேன் எடுங்கள். கீழ்ச் சிகரம் 1,740ஐ நோக்கி மெல்ல ஏறி அதற்குக் கீழேயே தயங்கி நிற்கும், மேல் சிகரம் விலகி மேலே ஓடும், இரண்டும் ஒன்றை ஒன்று தாண்டாது. வரைபடத்தை இங்கேயே போடுங்கள், தடிமனைச் சேர்ந்தே கணக்கிடுவோம்.